எவ்வளவு இறுக்கம்? குருதியைக் கட்டித் தசை வளர்த்த கதை

எங்களோடு படிக்கிற ஒருவன் போன செமெஸ்டரில் இருந்து ஜிம்முக்குப் போகிறான். பெரிய பாரம் எதையும் தூக்குவதில்லை. மூன்று நான்கு கிலோ டம்பெல்தான். ஆனால் தோளுக்குக் கீழே, மேற்கையில், ஒரு இலாஸ்டிக் பட்டியை இறுக்கிக் கட்டியிருப்பான். முப்பது தரம் தூக்கி முடிக்கேக்க கை சிவந்து, நரம்பெல்லாம் புடைச்சு, முகம் கோணிப்போகும். "எவ்வளவு இறுக்கினனி?" எண்டு கேட்டம். "பத்துக்கு ஏழு மச்சான்" என்றான். ஏழு என்றால் எந்த அலகில் ஏழு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வீடியோவில் அப்படித்தான் சொன்னவங்களாம்.

அந்த ஏழு எங்கேயிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. ஆங்கிலத்தில் பி.எப்.ஆர். என்று சுருக்கிச் சொல்லுகிறார்கள். தமிழில் குருதியோட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம். கையின் அல்லது காலின் மேற்பகுதியில் பட்டி கட்டி, உள்ளே வரும் குருதியைக் குறைத்து, வெளியே போகும் குருதியைத் தேக்கி, அந்த நிலையில் சின்னப் பாரத்தோடு பயிற்சி செய்வது. பெரிய பாரம் தூக்கினால் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி சின்னப் பாரத்திலேயே கிடைக்கிறது என்பதுதான் இதன் கவர்ச்சி. நாங்கள் கலைப்பீடம், உடற்றொழிலியல் எங்கட பாடம் இல்லை. ஆனால் ஒரு கேள்வி நானூறு வருடமாக ஆள் மாறி ஆள் கைக்குப் போய்க்கொண்டிருப்பதைக் கண்டபோது, இது எங்கட பாடமும்தான் என்று பட்டது. அந்தக் கேள்வி: கட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 1966 இல், ஜப்பானில் தொடங்குவார்கள். யோஷியாகி சாட்டோ என்ற 18 வயதுப் பெடியன், உடம்பை வளர்ப்பதில் தீராத ஆசை. பௌத்த நினைவுச் சடங்கு ஒன்றுக்குப் போய், ஜப்பானிய முறைப்படி முழங்காலை மடக்கிக் குதிக்கால்களின் மேல் கனநேரம் அமர்ந்திருக்கிறார். எங்கட யோகாசனக்காரர் வஜ்ராசனம் என்று சொல்கிற இருப்புக்குக் கிட்டத்தட்டச் சரி. கால் விறைத்துவிடுகிறது. கெண்டைக்காலைப் பிடித்துத் தேய்க்கும்போது அந்த வீக்கமும் கடுப்பும் புதிதாகத் தெரியவில்லை. கெண்டைக்காலுக்குப் பயிற்சி செய்து முடித்தபின் வருகிற அதே வீக்கம். பாரம் தூக்கினால் வருவது சும்மா இருந்தும் வருகிறதென்றால், இரண்டுக்கும் பொதுவானது குருதி தேங்குவதுதானோ?

இந்த ஊகத்தோடு அவர் தன் உடம்பிலேயே பரீட்சை செய்யத் தொடங்கினார். கயிறு, சைக்கிள் ரியூப், ஜூடோ பட்டி என்று கையில் அகப்பட்டதெல்லாம் கட்டிப் பார்த்தார். எந்த இடத்தில் கட்டுவது, எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு நேரம் வைப்பது என்று எழுதி வைத்துக்கொண்டே வந்தார். ஆரம்ப வருடங்களில் ஒருமுறை நுரையீரல் நாடி அடைப்பு வந்து வைத்தியசாலைக்குப் போக வேண்டியதாயிற்று. நாளத்தில் கட்டிபட்ட குருதி பெயர்ந்துபோய் நுரையீரல் நாடியில் அடைத்துக்கொள்வது அது. ஆளைக் கொல்லக்கூடியது. வேறொருவர் என்றால் அதோடு ரியூபைத் தூக்கி எறிந்திருப்பார். சாட்டோ இறுக்கத்தைக் குறைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

1973 இல் பனிச்சறுக்கில் விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்து, முழங்கால் இணையமும் சேதமாகிப் பிளாஸ்டர் போட்டார்கள். பிளாஸ்டர் கழட்டும்போது கால் எப்படி இருக்கும் என்று கண்டவர்களுக்குத் தெரியும்: மெலிந்து, மற்றக் காலின் தம்பி மாதிரி. சாட்டோ தொடையில் பட்டியைக் கட்டுவதும் தளர்த்துவதுமாக, நாளுக்குச் சில தடவை செய்துகொண்டிருந்தார். கடைசியில் தசை வற்றவில்லை என்கிறார். மருத்துவர்கள் சொன்ன காலத்துக்கு முன்பே எழுந்து நடந்தாராம். 1983 இல் இருந்து மற்றவர்களுக்கும் பழக்கத் தொடங்கினார். முறைக்கு காட்சு என்று பெயர்: 'கா' என்றால் சேர்த்தல், 'அட்சு' என்றால் அழுத்தம்.

நல்ல கதை. ஆனால் வரலாறு படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தக் கதைக்குச் சாட்சி யார்? சாட்டோவேதான். 2005 இல், இந்த முறைக்கென்றே தொடங்கப்பட்ட ஆய்விதழின் முதல் தொகுதியில் அவரே எழுதிய வரலாறு அது. அப்போது அவருக்குக் காப்புரிமையும் இருந்தது, வர்த்தகப் பெயரும் இருந்தது. கண்டுபிடித்தவரும் வரலாற்றை எழுதியவரும் விற்கிறவரும் ஒரே ஆள். அதனால் கதை பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. தன் பரீட்சையில் தானே சாகப்பார்த்ததை விளம்பரக்காரன் சேர்க்கமாட்டான், அதனால் அந்தப் பகுதியை நாங்கள் கூடுதலாக நம்புகிறோம். சடங்கில் கால் விறைத்த பகுதியோ, நியூட்டனின் அப்பிள் மாதிரி, திருப்பித் திருப்பிச் சொல்லிச் செதுக்கப்பட்ட கதையாகத் தெரிகிறது. அந்தத் தனி ஆளின் கதைக்குள் வராத சிலரையும் இனிப் பார்க்கலாம்.

வில்லியம் ஹார்வி இங்கிலாந்து அரசரின் வைத்தியர். 1628 இல் பிராங்பேர்ட்டில் அச்சான அவருடைய லத்தீன் நூல்தான் குருதி சுற்றி ஓடுகிறது என்று நிறுவியது. எங்கட பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி இருக்கும். ஆனால் அவர் எப்படி நிறுவினார் என்பது அந்த ஒரு வரியில் வராது. அவரும் கையைக் கட்டித்தான் பார்த்தார். கைக்காரர் மெலிந்தவராக, நாளம் பெரிதாகத் தெரிகிறவராக இருந்தால் நல்லது. பயிற்சி செய்து உடம்பு சூடேறிய நேரமாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறார். ஜிம்மில் நிற்கிற எங்கட ஆளின் கை அவருக்கு மிகவும் பொருத்தமாக இருந்திருக்கும்.

முதலில் தாங்கக்கூடிய உச்ச அளவுக்கு இறுக்கிக் கட்டினார். மணிக்கட்டில் நாடித்துடிப்பு நின்றது. கட்டுக்கு மேலே நாடி முட்டி மோதித் துடித்தது. கட்டுக்குக் கீழே கை நிறம் பெரிதாக மாறாமல் மெல்லக் குளிர்ந்தது. பிறகு கட்டைக் கொஞ்சம் தளர்த்தி, நடுத்தர இறுக்கத்தில் விட்டார். உடனே கை சிவந்து வீங்கத் தொடங்கியது, நாளங்கள் முடிச்சு முடிச்சாகப் புடைத்தன, பத்துப் பன்னிரண்டு துடிப்புக்குள் கை முழுதும் குருதியால் நிரம்பியது. இதிலிருந்து ஹார்வி எடுத்த முடிவு எளிமையானது. நாடி ஆழத்தில் இருப்பது, சுவர் தடிப்பானது. இறுக்கிக் கட்டினால்தான் அடைபடும். நாளம் மேலே இருப்பது, மெல்லியது. நடுத்தரக் கட்டுக்கே அடைபட்டுவிடும். ஆகவே நடுத்தரக் கட்டில் குருதி நாடி வழியாக உள்ளே வருகிறது, நாளம் வழியாக வெளியே போக முடியாமல் தேங்குகிறது. வந்த குருதி திரும்பிப் போகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஹார்விக்குத் தசை வளர்ப்பில் அக்கறை இருக்கவில்லை. ஆனால் பி.எப்.ஆர். செய்கிறவர்கள் இன்றைக்குத் தேடுகிற இறுக்கம், ஹார்வி வேறுபிரித்துக் காட்டிய அந்த இரண்டாவது கட்டின் பக்கம்தான். முதலாவது கட்டு வேறு வேலைக்கானது: அவயவம் வெட்டும்போது குருதி ஓடாமல் நிறுத்துவது. 1718 இல் பிரெஞ்சுச் சத்திரசிகிச்சையாளர் ழான்-லூயி பெத்தி திருகாணி வைத்து இறுக்கும் கருவியைக் கொண்டுவந்தார். டோர்னிக்கே என்ற பெயரே திருகுதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. 1873 இல் ஜேர்மனியின் எஸ்மார்க் இறப்பர் பண்டேஜைக் கொண்டுவந்தார். எல்லாமே முற்றாக நிறுத்துகிற கட்டுகள்.

எஸ்மார்க்கிடம் கீல் நகரில் உதவியாளராக இருந்தவர் ஓகஸ்ட் பியர். முள்ளந்தண்டில் ஊசி போட்டு விறைக்கப்பண்ணும் முறையை 1898 இல் தொடங்கிவைத்தவர் என்று மருத்துவ பீட நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். இதய நோயால் நுரையீரலில் குருதி தேங்கி நிற்பவர்களுக்குக் காசநோய் அரிதாகவே வருகிறது என்று அக்கால வைத்தியர்கள் சொல்லி வந்தார்கள். அப்படியென்றால் தேங்கும் குருதிக்கு ஏதோ குணமாக்கும் சக்தி இருக்கவேண்டும் என்று பியர் நினைத்தார். காசநோய் பிடித்த மூட்டுக்கு மேலே இலாஸ்டிக் பண்டேஜைச் சுற்றி, நடுத்தர இறுக்கத்தில், நாளுக்குப் பல மணித்தியாலம் விட்டார். ஆசான் குருதியை நிறுத்தக் கண்டுபிடித்த பண்டேஜை மாணவன் குருதியைத் தேக்கப் பயன்படுத்தினார். 1903 இல் புத்தகம் போட்டார், அந்த முறை அவர் காலத்தில் பெரிய பெயரும் எடுத்தது. பியர் விதித்த நிபந்தனைகள்: நோவு இருக்கக் கூடாது, கட்டுக்குக் கீழே அவயவம் சூடாகவே இருக்க வேண்டும், துடிப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். குளிர்ந்தால் கட்டுப் பிழை. பின்னாளில் நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் வந்தபிறகு இது வழக்கொழிந்து, மருத்துவ வரலாற்றின் பழைய சாமான் அறைக்குள் போய்விட்டது. பியர் 1920 இல் பேர்லினில் தொடங்கிய உடற்பயிற்சி உயர்கல்லூரியின் முதல் தலைவராகவும் இருந்தார். கட்டும் பயிற்சியும் ஒரே ஆளின் கையில் இருந்தும் அவர் இரண்டையும் சேர்க்கவில்லை. எங்களுக்கு இது கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கிறது.

இறுக்கத்துக்கு ஒரு எண் கிடைத்தது இதே காலத்தில்தான். 1896 இல் இத்தாலியின் ரிவா-றொச்சி, காற்று நிரப்பும் பட்டியால் குருதியமுக்கத்தை அளக்கும் கருவியைச் செய்தார். வைத்தியசாலையில் கையில் சுற்றி 'புஸ் புஸ்' எண்டு காத்தடிக்கிறதுதான். அமெரிக்க நரம்புச் சத்திரசிகிச்சையாளர் ஹார்வி குஷிங் அதை இத்தாலியில் கண்டு, 1904 இல் காற்றடைத்த டோர்னிக்கேயை உருவாக்கினார். அதற்குப் பிறகு இறுக்கம் என்பது கையாளின் பலத்தையும் கட்டுப்பட்டவரின் முகச்சுளிப்பையும் பார்த்துச் சொல்வதல்ல. மில்லிமீற்றர் இரசத்தில் சொல்லக்கூடிய ஒன்று.

இனித் தசைப் பக்கம். பெரிய பாரம் தூக்கினால்தான் தசை வளரும் என்பது இயற்கை விதி மாதிரி எங்களுக்குச் சொல்லப்படுகிறது. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அதுவும் யுத்தத்தில் இருந்து வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க இராணுவ வைத்தியசாலைகள் முழங்கால் காயக்காரரால் நிரம்பி வழிந்தன. அப்போதைய வழக்கம், இலேசான அசைவை நிறையத் தரம் செய்வது. மாதக்கணக்காகியும் ஆட்கள் எழும்பவில்லை. சிக்காகோவின் கார்டினர் இராணுவ வைத்தியசாலையில் இருந்த தோமஸ் டிலோர்ம், சிறுவயதில் வாதக் காய்ச்சலில் படுத்து, பிறகு பாரம் தூக்கியே உடம்பைத் தேற்றியவர். 1944 இல் அதையே நோயாளிகளில் செய்து பார்த்தார்: காலில் இரும்புச் சப்பாத்தை மாட்டி, பத்துத் தரத்துக்கு மேல் தூக்க முடியாத அளவு பாரம். 1945 இல் வெளியான அவருடைய கட்டுரை புனர்வாழ்வு மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. இன்றைக்கு ஜிம்மில் 'பத்து தரம், மூன்று செட்' என்று சொல்கிறோமே, அதன் வேர் அங்கேதான்.

டிலோர்மின் முறை வென்றது. ஆனால் அதற்குள் ஒரு ஓட்டையும் இருந்தது. பாரம் தூக்கவே முடியாதவர்களை என்ன செய்வது? நேற்று முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர், எலும்பு பொருந்தாதவர், எழுபது வயதில் மூட்டுத் தேய்ந்தவர். பலம் வரப் பாரம் தூக்க வேண்டும், பாரம் தூக்கப் பலம் வேண்டும். சாட்டோவின் ரியூபுக்கு உண்மையான அர்த்தம் கிடைத்தது இந்த ஓட்டையில்தான்.

2000 ஆம் ஆண்டு ஜப்பானில் இருந்து அடுத்தடுத்து ஆய்வுக்கட்டுரைகள் வந்தன. யுடாக்கா டக்காராடாவும் டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் நஒக்காட்டா இஷியும் சேர்ந்து செய்தவை. வயதான பெண்கள் 16 வாரம் சின்னப் பாரத்தோடு, பட்டி கட்டிக் கைப் பயிற்சி செய்தார்கள். பெரும்பாரம் தூக்கிய குழுவுக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தசை வளர்ந்தது. இன்னொன்றில், ஆறு இளைஞர்கள் தங்கள் உச்சப் பலத்தின் 20 சதவீதப் பாரத்தில் கால் பயிற்சி செய்தபின் குருதியில் வளர்ச்சி ஓமோனின் அளவு ஓய்வுநிலையை விட ஏறத்தாழ 290 மடங்கு கூடியது. இந்த 290 தான் உலகம் சுற்றியது. இன்றைக்கும் பட்டி விற்கிற விளம்பரங்களில் வரும்.

ஆனால் எங்களுக்கு இந்தத் தொடரில் பெரிதாகப் பட்டது அதிகம் பேசப்படாத மூன்றாவது கட்டுரை. முழங்கால் சிலுவை இணையத்துக்குச் சத்திரசிகிச்சை செய்த 16 பேர். பாதிப் பேருக்கு மூன்றாம் நாளில் இருந்து பதினான்காம் நாள் வரை, ஒரு பயிற்சியும் இல்லாமல், சும்மா படுத்திருக்கவே, தொடையில் பட்டி: ஐந்து நிமிடம் இறுக்கம், மூன்று நிமிடம் தளர்வு, இப்படி ஐந்து தரம், நாளுக்கு இரண்டு வேளை. பட்டி கட்டாதவர்களின் முன்தொடைத் தசை 20.7 சதவீதம் வற்றியது. கட்டியவர்களுக்கு 9.4. தசை வளரவில்லை, வற்றுவது பாதியானது. 1973 இல் சாட்டோ தன் காலில் செய்ததாகச் சொன்னதற்கு வெளியார் கொடுத்த முதல் நல்ல சாட்சி இது என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். முற்றிலும் வெளியார் என்றும் இல்லை. வேறு சில கட்டுரைகளில் சாட்டோவின் பெயரும் சேர்ந்தே வருகிறது. 2006 இல் டக்காஷி அபே குழுவினர், காலில் பட்டி கட்டி மெதுவாக நடந்தாலே மூன்று வாரத்தில் தொடைத்தசை கூடுகிறது என்று காட்டினார்கள். சாட்டோ அதிலும் இணை ஆசிரியர்.

இது எப்படி நடக்கிறது? ஒரு தசைக்குள் எல்லா நார்களும் ஒரே நேரத்தில் வேலைக்கு வருவதில்லை. சின்ன வேலைக்குச் சின்ன, களைக்காத நார்கள். பெரிய பாரம் வந்தால்தான் பெரிய, வேகமான நார்கள் எழும்பும். பட்டி கட்டினால் ஒட்சிசன் குறைந்து சின்ன நார்கள் சீக்கிரம் களைத்துவிடும். அப்போது மூன்று கிலோவுக்கே பெரிய நார்களைக் கூப்பிட வேண்டி வருகிறது. கழிவுகள் வெளியேறாமல் தேங்குவதும், கலங்கள் வீங்குவதும் சேர்ந்து தசையை வளரச் சொல்லித் தூண்டுகின்றன என்பது இப்போதைய விளக்கம். அந்த 290 மடங்கு? கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பிறகு பார்த்தபோது, பயிற்சி முடிந்து கொஞ்ச நேரம் எகிறி இறங்குகிற ஓமோனுக்கும் தசை வளர்ச்சிக்கும் தொடர்பு காணவில்லை. முறையைப் பிரபலமாக்கிய எண், முறையை விளக்கவில்லை. அதற்காக விளம்பரக்காரர் அதைக் கைவிடவும் இல்லை.

பெயரிலும் ஒரு இழுபறி உண்டு. காட்சு என்பது பதிவுசெய்த வர்த்தகப் பெயர். டோக்கியோப் பல்கலைக்கழக மருத்துவத்துறையில் அந்தப் பெயரைத் தாங்கியே ஒரு ஆய்வுப் பிரிவும் இருந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆய்வு பரவியபோது பொதுப்பெயர் ஒன்று தேவைப்பட்டது. பி.எப்.ஆர். நிலைத்தது. பெயர் மாறியதோடு சாட்டோவின் பெயர் முன்னுரையின் ஒரு வரிக்குச் சுருங்கியது. காப்புரிமையால் தன் கண்டுபிடிப்புக்கு வேலி போட்ட ஒருவர், அந்த வேலியாலேயே தன் பெயரையும் உள்ளே பூட்டிக்கொண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

பிறகு யுத்தம் திரும்ப வருகிறது. டோர்னிக்கே கடைசி வழி, கட்டினால் கால் போய்விடும் என்பதுதான் நீண்டகால இராணுவப் பாடம். ஈராக்கில் அது மாறியது. பக்தாத்தில் பணியாற்றிய சத்திரசிகிச்சையாளர் ஜோன் க்ராக், அதிர்ச்சி நிலைக்குப் போவதற்கு முன்பே டோர்னிக்கே கட்டப்பட்டவர்கள் கூடுதலாகப் பிழைத்ததையும், கட்டின காரணத்தால் மட்டும் யாரும் அவயவம் இழக்கவில்லை என்பதையும் பதிவுசெய்தார். (இதை வாசித்துவிட்டு எல்லாக் காயத்துக்கும் கட்டவேண்டாம். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிறு கட்டுவது எங்கட ஊர்களில் பழைய பழக்கம். கட்டாமல், அசைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா எண்டுதான் இப்ப வைத்தியர்கள் சொல்லுகினம்.)

பிழைத்து வந்தவர்களின் கால்கள் இருந்தன, ஆனால் தசை பெரும்பாலும் போயிருந்தது. டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் 2007 இல் திறக்கப்பட்ட இராணுவப் புனர்வாழ்வு நிலையத்தில் ஜொனி ஓவென்ஸ் என்ற இயன்மருத்துவருக்கு முன்னால் இருந்தவர்கள் இவர்கள். வெட்டாமல் காப்பாற்றிய கால், ஆனால் பாரம் தாங்காது. டிலோர்மின் ஓட்டை திரும்பவும். 2010 களின் தொடக்கத்தில் ஓவென்ஸ் ஜப்பானிய ஆய்வுகளைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் ரியூபுக்குப் பதில் அவர் எடுத்தது சத்திரசிகிச்சைக் கூடத்து டோர்னிக்கேயை. கனடாவின் வான்கூவரில் ஜேம்ஸ் மக்யூவன் என்ற பொறியியலாளர் 1980 களின் தொடக்கத்தில் உருவாக்கிய, கணினி கட்டுப்படுத்தும் தானியங்கிக் கருவியின் வழிவந்தது அது. அந்தந்த ஆளின் அந்தந்தக் காலில் நாடி முற்றாக அடைபட எவ்வளவு அழுத்தம் தேவை என்று முதலில் அளக்கும். பிறகு அதில் ஒரு பங்கை மட்டும் கொடுக்கும். காயம்பட்டபோது உயிரைக் காத்த அதே வகைப் பட்டி, இப்ப தளர்த்தி, தசையைத் திருப்பிக் கொண்டுவர. அவர் குழுவின் முதல் வெளியீடு ஏழே பேரைப் பற்றியது, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் கதவு திறந்தது.

2017 இல் 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிரித்தானிய மீளாய்வு ஒன்று, நோயாளிகளில் சின்னப் பாரம் தனியே செய்வதை விடப் பட்டியோடு செய்வது பலன் கூட, ஆனால் பலம் ஏறுவதில் பெரும்பாரத்துக்கு ஈடில்லை என்றது. சிலுவை இணையச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பெரும்பாரத்தோடு பட்டியும் கட்டிப் பார்த்த 2020 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் மேலதிகப் பலன் எதுவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால் எங்களுக்கு விளங்குவது: இது பாரம் தூக்க முடியாதவருக்கான வழி. தூக்கக்கூடியவருக்கு இது மாயம் இல்லை. எங்கட நண்பன் இருபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் நல்லாத்தான் இருக்கு. வீட்டில் அவன்ட அம்மம்மாவால் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பேலாது. பட்டி இருப்பது அவனிடம்.

இறுக்கத்துக்கு வருவோம். 2019 இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல், நாடி முற்றாக அடைபடும் அழுத்தத்தின் 40 இல் இருந்து 80 சதவீதம் என்கிறது. பாரம் உச்சப் பலத்தின் 20 இல் இருந்து 40 சதவீதம். முப்பது தரம் ஒருமுறை, பிறகு பதினைந்து தரம் மூன்று முறை. அந்த 40-80 எல்லாருக்கும் ஒரே மில்லிமீற்றர் இரசம் இல்லை. தொடை பருமனானவருக்குக் கூட வேண்டும், அகலப் பட்டிக்குக் குறைவாகப் போதும். ஒருவருக்கு நடுத்தரக் கட்டாக இருப்பது இன்னொருவருக்கு ஹார்வியின் முதலாவது கட்டாகிவிடலாம்.

அப்ப, பத்துக்கு ஏழு? அதையும் கண்டுபிடித்துவிட்டோம். விலை கூடிய கருவி இல்லாதவர்களுக்காக, முழங்காலுக்குச் சுற்றும் துணிப்பட்டியை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2013 அளவில் பயன்படுத்திய அளவுகோல் அது. பத்து என்றால் தாங்கமுடியாத இறுக்கம், ஏழு என்றால் நல்ல இறுக்கம், நோவில்லை. ஆய்வுகூடத்தில், ஆள் பக்கத்தில் நிற்க, அகலப் பட்டியோடு அது வேலை செய்தது. பிறகு வேறு ஆய்வாளர்கள் சரிபார்த்தபோது ஆட்களின் 'ஏழு' நம்பத்தகுந்த அளவாக இல்லை என்று கண்டார்கள். குஷிங் 1904 இல் முகச்சுளிப்பில் இருந்து விடுவித்த அளவு, வீடியோ வழியாகத் திரும்பவும் முகச்சுளிப்புக்கே வந்திருக்கிறது.

ஆபத்து எவ்வளவு? ஜப்பானில் 105 நிலையங்களில் 12,642 பேரைப் பற்றி விசாரித்து 2006 இல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. தோலுக்குக் கீழே குருதி கண்டியது 13.1 சதவீதம், விறைப்பு 1.3 சதவீதம், நாளத்தில் குருதிக்கட்டி 0.055 சதவீதம், நுரையீரல் அடைப்பு 0.008 சதவீதம், அதாவது ஒரே ஒருவர். சிறிய எண்கள்தான். ஆனால் அந்தக் கணக்கும் காட்சு ஆய்விதழில் வந்தது, எண்ணிக்கை கொடுத்தவை அதைச் செய்கிற நிலையங்கள், அங்கே பழகிய ஆள் பக்கத்தில் நின்று அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் ரியூபோடு தனியே நின்ற 1960 களின் சாட்டோ அந்த 12,642 இல் இல்லை.

2021 இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தபோது அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கல் அன்ட்ரூ கையிலும் காலிலும் காட்சுப் பட்டி கட்டிய படங்கள் உலகம் முழுதும் ஓடின. பட்டி புறப்பட்ட நாட்டுக்கே திரும்பி வந்திருந்தது. எங்கட நண்பன் முதன்முதல் பார்த்த வீடியோவும் அந்தக் காலத்ததுதான். அதில் வீரர் இருந்தார், பட்டி இருந்தது. அழுத்தத்தை அளந்தவர் படத்துக்குள் வரவில்லை.

இதையெல்லாம் அவனுக்கு வாசித்துக் காட்டினோம். பாதியில், "அப்ப என்ர கைக்கு எத்தினை?" என்று கேட்டான். அளக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. பட்டியை வழக்கம்போல் கட்டச் சொல்லி, ஹார்வியும் பியரும் செய்ததையே செய்தோம்: மணிக்கட்டில் விரலை வைத்துத் தேடினோம். வலது கையில் துடிப்பு இருந்தது. இடது கையில் கனநேரம் தேடியும் அகப்படவில்லை. இரண்டிலும் ஏழுதான் கட்டினனான் என்றான்.